மூன்றாம் படுக்கைக்குப் பவுடர்

அக்டோபர் 27, திங்கள்

மன்னிக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் இந்த இடப்பக்கம் படம் வரைவதற்காகக் கோடு போடாமல் விடப்பட்டது. நான் இதில் வாக்கியம் எழுதுகிறேன். பென்சிலில்தான். ஒப்படைப்பதற்கு முன் ரப்பரால் அழித்துவிடுவேன். வலப்பக்கத்தில் பேனாவில் எண்கள் மட்டும் இருக்கும். மேடம் கேட்டது எண்களைத்தான்.

எனக்குப் பேச வராது. ஹாஸ்டல் அறையில் கூட இருக்கும் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசுகிறவர்கள். அவர்கள் முடித்து என் முறை வரும்போது மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் படிப்பது சுவாச சிகிச்சைத் தொழில்நுட்பம். நான்காம் ஆண்டு முழுக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி. தீவிர சிகிச்சை வார்டில் ஒரு நோயாளியை, தொண்டையில் குழாய் போட்ட நாளிலிருந்து வார்டை விட்டுப் போகும் நாள் வரை, தொடர்ந்து குறித்து வைக்க வேண்டும். வார்டின் தலைமை மருத்துவர் திலகவதி மேடம் அதில் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்திதான். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட அம்மா சுவரில் ஆணிகூட அடித்துவிட்டாள்.

எனக்குக் கிடைத்தது மூன்றாம் படுக்கை. பெயர் விருமாயி, வயது 37, ஏலக்காய்த் தோட்டக் கூலி. ஆறு நாள் காய்ச்சலோடு வந்தார். சகாயமேரி சிஸ்டர் உடம்பு துடைக்கும்போது இடுப்பில், பாவாடை நாடா பதியும் இடத்தில், பீடியால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்தார். உண்ணிக் காய்ச்சல். மருந்து ஆரம்பித்தாயிற்று. ஆனால் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையடித்தது போல இருக்கின்றன. பதினோரு மணிக்குக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்த்தார்கள்.

வெளியே அவர் கணவர் ஒச்சப்பன் நின்றார். "மிஷினு வெச்சாச்சுல்ல தாயி, இனிமே மூச்சு அது விட்டுக்கிரும்ல?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

காலை ஏழு மணி டூட்டி. ஈரப்பதக் குடுவைகளில் தண்ணீர் மாற்றினேன். ஐந்தாம் படுக்கையின் குழாயில் தேங்கிய நீரை வடித்தேன். கழுவ வேண்டிய டியூப்கள் பதினொன்று.

டென்சிங் அண்ணன்தான் எனக்கு வேலை கற்றுத் தருகிறவர். வார்டின் சீனியர் டெக்னீஷியன், ஒப்பந்த வேலை, கன்னியாகுமரிப் பக்கம். நல்லவர். எனக்கு வடை வாங்கி வந்து, "நீ தின்னுகதைவிட எறும்பு கூடுதல் தின்னும் மக்ளே" என்பார்.

ஏழே முக்காலுக்கு அவர் என்னைக் கூப்பிட்டு, "மூணாம் பெட்டுக்குப் பவுடர் போடணும், வா" என்றார். ஏதோ தோல் பவுடர் என்று நினைத்து அலமாரியைத் திறந்தேன். சிரித்துவிட்டு மெஷினின் குமிழைக் காட்டினார்.

மறந்துவிடாமல் எழுதிக்கொள்கிறேன். மெஷின் காற்றை உள்ளே தள்ளுவதோடு நிற்பதில்லை. மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும். அதற்குப் பெயர் பீப். அதை ஏற்றினால் மூடிய நுரையீரல் அறைகள் திறக்கும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், மேலே போகும்.

விருமாயிக்குப் பீப் 10, சாச்சுரேஷன் 90. அண்ணன் 14 வைத்தார். இருபது நிமிடத்தில் 95. மேடத்தின் ரவுண்ட்ஸ் எட்டரைக்கு. சுவரில் மேடம் கைப்பட எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது: "92க்குக் கீழே போனால் உடனே எனக்குச் சொல்லவும்."

"சொன்னா என்ன நடக்கும்ணு தெரியுமா? குப்புறப் போடச் சொல்லும். அதுக்கு அஞ்சு ஆளு வேணும். காலைல நாம மூணு பேரு. பவுடரைப் போட்டா மொகம் வெளிச்சமா இருக்கும், மேடமும் சந்தோஷமாப் போகும். பொறவு தொடச்சிரலாம்" என்றார் அண்ணன்.

ரவுண்ட்ஸில் அவர் மெஷின் திரையை மறைத்து நின்றார். பயிற்சி டாக்டர் ஆதவன் பீப்பை ஆறு மணிச் சீட்டிலும் சாச்சுரேஷனை மானிட்டரிலும் பார்த்து, "பீப் பத்து, சாச்சுரேஷன் தொண்ணூத்தஞ்சு மேடம்" என்று வாசித்தார். மேடம் "குட்" என்று நகர்ந்தார். மேடத்தோடு வந்த மருத்துவ மாணவர்கள் கலைந்த பிறகு, பத்தரைக்கு, பீப்பை மறுபடி 10-க்கு இறக்கினார் அண்ணன்.

மெஷின் சீட்டு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எழுதப்படுகிறது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு. இரண்டிலும் 10. வலப்பக்கத்தில் அப்படியே எழுதினேன்.

அக்டோபர் 29, புதன்

காலை சாச்சுரேஷன் 90. பவுடர் போட்டாயிற்று. ஒன்பதேகாலுக்கு ரத்த அழுத்தம் 84-க்கு விழுந்தது. சிஸ்டர் ஓடி வந்தார். அரை லிட்டர் குளுக்கோஸ் இல்லாத டிரிப் ஏற்றினார்கள். பதினொன்றரைக்கு 108. "டிரிப் கேட்டுருச்சு" என்றார் ஆதவன் டாக்டர்.

அக்டோபர் 30, வியாழன்

மறுபடி ஒன்பதேகாலுக்கு விழுந்தது. மறுபடி அரை லிட்டர். அதோடு ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தும் ஊசிப் பம்பில் ஆரம்பம். காய்ச்சல் கிருமி ரத்தத்தில் பரவுகிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார்கள்.

அம்மா போன் செய்தாள். அம்மாவும் ஏலத்தோட்டத்துக்குத்தான் போகிறாள். விடியும் முன் ஜீப்பில் மலையேறி, எல்லை தாண்டி, சாயங்காலம் திரும்புவாள். இதை வார்டில் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் "விவசாயம்" என்று சொல்லியிருக்கிறேன்.

"ஏன்டீ, எங்க ஜீப்புல வர்ற விருமாயிய உங்க ஆஸ்பத்திரிலதான் வெச்சிருக்காகளாம். பாத்தியா?"

"ம்."

"எப்பிடி இருக்கா?"

"மெஷின்ல இருக்காங்கம்மா."

"நீ இருக்கேன்னு ஜீப்புல எல்லார்ட்டயும் சொல்லிப்புட்டேன். எம்மக பாத்துக்கிருவான்னு. பதினெட்டுப் பேரு ஏறுவோம், அவ ஒல்லியா இருக்கான்னு நடுவுல சொருகிருவோம். ரெண்டு பக்கமும் நெருக்கினா 'ஆத்தாடி, மூச்சு முட்டுது, வெலகுங்கடி'ன்னு ஒரு கத்துக் கத்துவா பாரு!" அம்மா சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. டியூப் கழுவ வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன். கழுவி முடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அக்டோபர் 31, வெள்ளி

காலையில் சாச்சுரேஷன் 89. இந்த முறை 14 போதவில்லை, 16 தேவைப்பட்டது.

ரத்த அழுத்தம் ஏன் விழுகிறது என்று இதயத்தைப் பார்க்க எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார் மேடம். எங்கள் வார்டுக்கென்று எக்கோ மெஷின் கிடையாது. இதய வார்டிலிருந்து மதியம் இரண்டு மணிக்குத்தான் அனுப்புவார்கள். வந்து பார்த்தார்கள். "இதயத்தின் வேலை சரியாக இருக்கிறது. வலது அறை கொஞ்சம் பெரிது. மற்றபடி குறை இல்லை."

இரண்டு மணிக்குப் பீப் 10. ரத்த அழுத்தம் 112.

வீட்டுக்குள் சண்டை போட்டுவிட்டு விருந்தாளி வரும்போது சிரிக்கிறவர்களைப் போல இருந்தது அந்த ரிப்போர்ட். என்ன எரிச்சல் என்று எனக்கே புரியவில்லை. மெஸ்ஸில் ரசம் ஆறியிருந்ததற்கு பரிமாறும் அக்காவிடம் முகம் கடுத்தேன். இதுவரை அப்படிச் செய்ததில்லை.

நவம்பர் 1, சனி

89. பவுடர் 16. ஒன்பதரைக்கு ரத்த அழுத்தம் 80. டிரிப்.

விருமாயியின் கால்கள் வீங்கிவிட்டன. மெட்டி விரலுக்குள் புதைந்துகொண்டிருக்கிறது. விரல் நுனி நீலமாக இருந்தது. வெட்டி எடுக்கச் சிஸ்டர் கத்திரி கொண்டுவந்தார். பதினோரு மணிப் பார்வை நேரத்துக்கு உள்ளே வந்த ஒச்சப்பன் காலடியில் நின்று கும்பிட்டார்.

"வெட்டாதீக தாயி. எந்திரிச்சு 'எங்க'ன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

சிஸ்டர் கத்திரியை வைத்துவிட்டுத் தையல் நூல் எடுத்தார். விரலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றி, மெட்டிக்கு அடியில் நூலை நுழைத்து, சோப்புத் தடவி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தினார். நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அழுத்திய இடத்தில் என் கட்டைவிரல் தடம் மாவில் பதிந்தது போல அப்படியே நின்றது. அரை மணி நேரத்தில் ஒன்று வந்தது. இன்னொன்றை வெட்டத்தான் வேண்டியிருந்தது.

"எத்தனை லிட்டர்தான் ஏத்துவாங்க இந்தப் பொம்பளைக்கு?" சிஸ்டர் முணுமுணுத்தார். "உள்ள போறது ஆறு லிட்டர் கூட. வெளிய வர்றது சொட்டுச் சொட்டா. அந்தத் தண்ணி நுரையீரலுக்குத்தான் போவும்."

சிஸ்டர் சொன்னதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் நுரையீரலில் இறங்கினால் சாச்சுரேஷன் குறையும். குறைந்தால் பவுடர் கூடும். பவுடர் கூடினால்... அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஷிப்ட் முடிந்துவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று எனக்கு டூட்டி. ஞாயிற்றுக்கிழமை மேடம் வருவதில்லை. யாரும் எதையும் ஏற்றவில்லை. பீப் பத்திலேயே இருந்தது.

ஒன்பதேகால் வந்தது. போனது. ரத்த அழுத்தம் 110. பத்து மணிக்கு 112. ஊசிப் பம்பை இரண்டு முறை குறைத்தார்கள். மதியம் சிறுநீர்ப் பை கனத்திருந்தது. சாச்சுரேஷன் 89-லிருந்து தானாக 91.

"காலைல பூசையில இவளுக்காகத்தான் மெழுகுவத்தி ஏத்துனேன்" என்றார் சகாயமேரி சிஸ்டர்.

"கோயில் துன்னூறு போன வாரமே தலகாணிக்கு அடில வெச்சேன்ல" என்றார் ஒச்சப்பன்.

"மருந்து ஏழாம் நாள். இப்பதான் வேலை காட்டுது" என்றார் ஆதவன் டாக்டர்.

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் இன்றைக்கு விருமாயி கண்ணைத் திறந்தார். மயக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள். குழாயைச் சரிசெய்யக் குனிந்தபோது என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். "நான் தங்கமாரி மக" என்று அம்மா பெயரோடு அவர் காதில் சொன்னேன். வார்டில் அதை முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னது அப்போதுதான். சத்தம் என்றால் எனக்கு மட்டும் கேட்கிற சத்தம்.

நவம்பர் 3, திங்கள்

காலை பவுடர் 16. ஒன்பதேகாலுக்கு 78.

மதியம் சாப்பிடப் போகவில்லை. மெஷின் சீட்டு மெஷினின் பக்கவாட்டுக் கிளிப்பில் தொங்குகிறது. ரத்த அழுத்தச் சீட்டு நர்ஸ் மேசையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எட்டடி. ஏழு நாளில் இந்த எட்டடியை யாரும் கடந்ததில்லை. இரண்டையும் எடுத்துவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மெஷின் சீட்டில் 10, 10, 10 என்று நேர்கோடு. மற்றதில் தினமும் ஒன்பது மணிக்கு ஒரு பள்ளம். ஞாயிறு மட்டும் சமதரை.

மெஷின் சீட்டில் இல்லாததை இந்தப் பென்சில் பக்கங்களிலிருந்து எடுத்துச் சேர்த்தேன். பவுடர் போட்ட நேரம், துடைத்த நேரம். பள்ளத்தின் இரண்டு கரையும் அவைதான்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் ஆண்டில் மேடமே கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னதுதான். இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் இதயம். நுரையீரலை உப்பிய நிலையிலேயே பிடித்து வைத்தால் இதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய ரத்தம் வாசலிலேயே தடுமாறும். நுரையீரலின் சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்கும். அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ள வேண்டிய வலது அறை முக்கி முக்கி வீங்கும். "பீப் வேண்டாத பொருள் இல்ல. அதுதான் காப்பாத்தும். ஆனா ஏத்துற கை இதயத்தைப் பாத்துக்கிட்டே ஏத்தணும்" என்றார் மேடம். நான் அதை அடிக்கோடிட்டுப் படித்துத் தேர்வில் பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.

அப்போது அது படம். இப்போது ஜீப். நடுவில் சொருகப்பட்ட ஒல்லியான ஒருத்தி. இரண்டு பக்கமும் நாங்கள் நெருக்குகிறோம். தொண்டையில் குழாய் இருப்பதால் அவளால் கத்த முடியவில்லை.

டியூப் கழுவும் தொட்டிக்கு அருகே டென்சிங் அண்ணனிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அண்ணே, பவுடர் போட்ட பிறகுதான் பி.பி. விழுது."

"சீக்கு முத்துனா யாருக்கும் விழும் மக்ளே."

"ஞாயித்துக்கிழமை விழலையேண்ணே."

அவர் குழாயை மூடினார். கை ஈரத்தைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"ஜெபராஜை உனக்குத் தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்ன எனக்க கூட இருந்தவன். ஏழாம் பெட்டுல எண்பத்திரெண்டு. மேடம் ரவுண்ட்ஸுல பாத்துச்சு. பேஷண்டு அன்னைக்கே போயாச்சு. மறுநாள் இவனுக்கு வேலை இல்ல. இப்ப செல்போன் கடைல கவர் ஒட்டுகான். நீ பாஸாகிப் போயிருவ. எனக்க ஒப்பந்தம் பதினொரு மாசத்துக்கு ஒருக்க. ரெண்டு பிள்ளைக."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று நான் பவுடர் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். குடுவையில் தண்ணீர் மாற்றினேன், அதையே மறுபடி மாற்றினேன். எட்டு மணிக்குப் பீப் 10, சாச்சுரேஷன் 89. ரத்த அழுத்தம் 106. மேடம் இதை அப்படியே பார்த்தால் போதும். 89 ஏன் என்று கேட்பார். குப்புறப் போடச் சொல்வார். குப்புறப் போட்டால் முதுகுப்பக்கத்து நுரையீரல் திறக்கும், வலது இதயத்தின் பாரமும் குறையும். இதுவும் அவரே சொல்லிக் கொடுத்தது.

எட்டு இருபதுக்கு டென்சிங் அண்ணன் வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குமிழைத் திருப்பினார். 16.

மேடம் வந்தபோது 94.

"பத்துலயே தொண்ணூத்திநாலா? தேறிட்டு வர்றாங்க. அப்ப பி.பி. மட்டும் ஏன் படுத்துது?" ஆதவன் டாக்டரைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தக் கேஸ் உன்னோடதுதானம்மா? பேரென்ன?"

"நாகஜோதி மேடம்."

"ஏதாவது சொல்லணுமா நாகஜோதி?"

எனக்குத் தெரியும், இதைவிட நேராக ஒரு கதவு யாருக்கும் திறக்காது. பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டென்சிங் அண்ணன் தரையைப் பார்த்தார். அவருடைய செருப்பின் வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது.

"ஒண்ணுமில்ல மேடம்."

"வாயத் தொறக்காம எப்படிம்மா இந்த வேலையில காலம் தள்ளுவ?" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். மேடம் நான்காம் படுக்கைக்குப் போய்விட்டார்.

ஒன்பதரைக்கு 74. அரை லிட்டர்.

பிறகு சகாயமேரி சிஸ்டரிடம் ஜெபராஜ் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். "நம்பர் கொறஞ்சதுக்கா தூக்குனாங்க? யார் சொன்னா? ராத்திரி முழுக்க எண்பத்திரெண்டுல இருந்துச்சு, ஒரு போன் போட்டுச் சொல்லல. அதுக்குத்தான். மேடம் அன்னைக்கு தன்னோட ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு அழுதுச்சு. அப்புறம்தான் அந்தத் தாளையே ஒட்டுச்சு."

சுவரில் அந்தத் தாளை மறுபடி படித்தேன். சொல்லவும் என்றுதான் இருக்கிறது. இரண்டு வருடமாக வார்டு முழுக்க அதை, கண்ணில் காட்டாதே என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

நவம்பர் 5, புதன்

பவுடர் 18. ரத்த அழுத்தம் 68. இரண்டாவது ஊசிப் பம்பு. சிறுநீர் மணிக்குப் பத்து மில்லி. டயாலிசிஸ் பற்றிப் பேசுகிறார்கள். ஒச்சப்பனைக் கூப்பிட்டு, சொந்தக்காரர்கள் யாராவது பார்ப்பதென்றால் வரச்சொல்லி விடுங்கள் என்றார்கள். அவர் அதற்கு அர்த்தம் புரியாமல், "எல்லாரும் தோட்டத்துக்குப் போயிருக்காகளே, ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டார்.

அம்மாவின் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இது பேனா. இதற்கு முன் உள்ள பென்சில் பக்கங்களை அழிக்கப் போவதில்லை. நோட்டை ஒப்படைக்க நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. ஆனால் டூட்டி முடிந்து நான்கு மணிக்குப் போகும்போது இந்த நோட்டை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். மன்னிக்க வேண்டும் மேடம், உங்களைக் கேட்காமல் உங்களிடம் பேசுகிறேன்.

வலப்பக்கத்தில் விருமாயியின் பீப் ஒருநாளும் பத்தைத் தாண்டவில்லை. அதை நம்ப வேண்டாம். இடப்பக்கத்தில் இருப்பதுதான் நடந்தது. அடுத்த இடப்பக்கத்தில் ஒரு படம் வரைந்திருக்கிறேன். படத்துக்கான பக்கம்தானே. மேல் கோடு பீப், கீழ்க் கோடு ரத்த அழுத்தம், இரண்டும் ஒரே நேரக் கோட்டில். ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன்.

முன்னால் எழுதியதில் "போட்டாயிற்று" என்று சில இடங்களில் இருக்கும். யார் போட்டது என்று இருக்காது. அக்டோபர் 28-ம் நவம்பர் 4-ம் டென்சிங் அண்ணன் கை. மற்ற ஏழு காலைகளும் என் கை. 29, 30, 31, 1, 3, 5, பிறகு இன்று. இதில் கடைசி இரண்டும் எனக்கு எல்லாம் தெரிந்த பிறகு. நேற்று அண்ணன் என்னிடம் சொல்லக்கூட இல்லை. பழக்கத்தில் கை போனது என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. 88 என்று பார்த்ததும் நீங்கள் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவீர்களே என்று பயந்தேன். அவ்வளவுதான்.

இன்று காலை 18 வைத்தபோது விருமாயியின் கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்தது. நான் பார்த்துக்கொண்டே வைத்தேன். ரத்த அழுத்தம் 64 வரை போனது. பத்தரை வரை காத்திருக்க முடியவில்லை. மாணவர்கள் ஐந்தாம் படுக்கையில் நிற்கும்போதே, ஒன்பது நாற்பதுக்கு, யாரையும் கேட்காமல் நானே 10-க்கு இறக்கினேன். பத்து மணிக்கு 90. பத்தரைக்கு 102. யாரும் டிரிப் போடுவதற்கு முன்பே. சிஸ்டர் சீட்டில் அது இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

டென்சிங் அண்ணன் அதைப் பார்த்தார். சீட்டையும் பார்த்தார். என்னிடம் வந்து மெதுவாக, "அந்தப் பொம்பள ஒனக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"எங்கம்மா கூட ஒரே ஜீப்புல போறவங்கண்ணே. எங்கம்மாவும் ஏலக்கா எடுக்குறவங்கதான்."

"மொதல்லயே சொல்லியிருக்கப்பிடாதா மக்ளே" என்றார். பிறகு வடை வாங்கப் போய்விட்டார். எனக்கு அந்த வார்த்தையில்தான் கோபம் வந்தது. அம்மாவைத் தெரியாத நோயாளி என்றால் பரவாயில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். அதையும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். ஐந்தாம் படுக்கைக்கும் எட்டாம் படுக்கைக்கும் நான் பவுடர் போட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் கோடு வரைந்து பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு ஒச்சப்பன் அந்த ஒற்றை மெட்டியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். வீக்கம் வடிந்ததும் மாட்டிவிட வேண்டுமாம். "நீதான் தாயி மாட்டணும். தங்கமாரி சொல்லுச்சு, நீ அவ மகளாமே. அம்புட்டு நேரம் காலப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டு ஒரு வார்த்த சொல்லலியே நீயி" என்றார். வாங்கி என் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

டென்சிங் அண்ணனைப் பற்றி நான் எழுதியது உண்மை. அவர் செருப்பைப் பற்றி எழுதியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எனக்குக் கையெழுத்துப் போட முடியாது என்றால் அது நியாயம்தான். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆணி சுவரிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு பக்கம் எழுதியும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கும் அளவுக்கு நான் யார் என்று தள்ளித் தள்ளி வைத்தேன். இப்போது மணி மூன்று ஐம்பது.

மேடம், நாளை எட்டரைக்கு வராதீர்கள். ஏழு மணிக்கே வாருங்கள். இதய வார்டில் சொல்லி எக்கோ மெஷினையும் கையோடு கொண்டுவாருங்கள், பீப்பை ஏற்றுவதென்றால் இதயத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றலாம். வருவதாக யாரிடமும் சொல்ல வேண்டாம். முதலில் விருமாயி எப்படி இருக்கிறாரோ அப்படியே பாருங்கள். நான் அதுவரை எதையும் தொட்டிருக்க மாட்டேன்.